டெத், டவர், டெவில்: பயந்த கார்ட்டில் நல்லதை வாசிப்பது எப்படி

டாரட் என்ற குறி சொல்லும் கார்ட்டுகளை வாசிக்கும்போது டெத் கார்ட் திரும்பியதும் எதிரே இருப்பவர் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "ஆருக்கும் ஏதும் நடக்கப் போகுதோ?" வாசிப்பவரும் பதறிப்போய், "சீச்சீ, இது நல்ல கார்ட், மாற்றத்தைக் காட்டுது" என்பார். அந்தப் பதில் எடுபடாது. கண்ணுக்கு முன்னால் எலும்புக்கூடு குதிரையில் வருகிறது, காலடியில் ராசா செத்துக் கிடக்கிறான். வாயால் மட்டும் நல்லது என்றால் யார் நம்புவார்? குறிப்புக் கொப்பியைப் பார்த்த சாத்திரியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்டும் பெரிசா இல்லை" என்று மூடி வைத்தால் அம்மாமாருக்கு வருகிற அதே பயம்தான் வரும். எதையோ மறைக்கிறார் என்று நினைப்பார்கள்.

பயந்த கார்ட்டின் நல்ல அர்த்தத்தைப் படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொருந்த வேண்டும். அந்தக் கிழமைக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தில் போய் முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ஆறுதல் வார்த்தைதான், வாசிப்பு அல்ல.

முதலில் கட்டைப் பாருங்கள்

இங்கே சொல்வதெல்லாம் 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெய்ட் என்ற டாரட் கட்டின் படங்களை வைத்து. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வடிவமைத்தார், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். கொழும்பில் ஒன்லைனில் வாங்கக் கிடைக்கும் கட்டுகளில் பெரும்பாலானவை இதுவோ இதன் நகலோதான். அசல் அளவு ஏறத்தாழ 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். மலிவு நகல்களில் கையேட்டுக்குப் பதிலாக ஒரு கியூஆர் கோட் இருக்கும், தாள் மெல்லிசாக இருக்கும், அச்சும் இருண்டு போயிருக்கும். தாள் மெல்லிசானால் பரவாயில்லை. அச்சு இருண்டால்தான் சிக்கல், ஏனென்றால் இந்தப் படங்களில் நல்ல செய்தி எப்போதும் சின்னதாக, பின்னால், ஒரு மூலையில் இருக்கிறது.

நான்கு கார்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். டெத் கார்ட்டில் வலது பக்கத் தொலைவில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிய வேண்டும். வாள் பத்தில், அதாவது வாள் வரிசையின் பத்தாம் கார்ட்டில், கறுப்பு வானத்துக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் தெரிய வேண்டும். டெவிலில் கழுத்துச் சங்கிலி எவ்வளவு தளர்வாகக் கிடக்கிறது என்பதும், நாணயம் ஐந்தில் பின்னால் இருக்கும் கண்ணாடி யன்னலில் வெளிச்சம் இருப்பதும் தெரிய வேண்டும். இவற்றில் இரண்டு மங்கலாக இருந்தால் அந்தக் கட்டைக் கலைத்துப் பழக வைத்திருங்கள், மற்றவருக்கு வாசிக்க எடுக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்று படுகிற வீடுகளில் கார்ட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கார்ட்டுகள் கலைக்கும்போது கூட்டமாகவே நகரும், போன முறை மேலே இருந்தது இந்த முறையும் மேலேயே வரும். "இந்தக் கிழமை மூன்றாவது தடவையாக டெத் விழுந்திருக்கு" என்று யாராவது நடுங்கினால், விதியைச் சந்தேகப்பட முதல் கலைத்த விதத்தைச் சந்தேகியுங்கள். மூடி இறுகும் தகரப் பெட்டியில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் பைக்கற் இரண்டைப் போட்டு வையுங்கள். வாசிக்க முதல் கட்டிலுள்ள 78 கார்ட்டையும் எண்ணுங்கள். பிறகு எல்லாவற்றையும் பாயிலோ மேசையிலோ கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் அளைந்து திரும்ப அடுக்குங்கள். அளவில் பெரிய இந்தக் கார்ட்டுகளைக் கையில் வைத்துக் கலைப்பதைவிட இது நன்றாகக் கலையும்.

பயத்தின் கணக்கு

ஆட்கள் அதிகம் பயப்படுவது எட்டுக் கார்ட்டுகளுக்கு: டெத், டவர், டெவில், ஹேங்ட் மேன், வாள் மூன்று, வாள் ஒன்பது, வாள் பத்து, நாணயம் ஐந்து. 78இல் மூன்றை எடுத்தால் இந்த எட்டில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 28 சதவீதம். பத்துக் கார்ட் வைக்கும் கெல்டிக் குரொஸ் விரிப்பில் அது 68 சதவீதம். அதாவது பத்துக் கார்ட் வைத்தால் மூன்றுக்கு இரண்டு முறை பயந்த கார்ட் ஒன்று மேசையில் கிடக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அறையில் பாதிப் பதற்றம் குறையும். புதிதாகத் தொடங்குபவர் மூன்று கார்ட்டோடு நிற்பது நல்லது என்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றும் சொல்லலாம், குறிப்பாக 304 கடதாசி விளையாடிப் பழகிய ஐயாமாருக்கு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது அது வெறும் கடதாசி விளையாட்டு. டெத், டவர், டெவில் போலத் தனிப்பெயர் கொண்ட, இன்று பெரிய கார்ட்டுகள் என்று பயபக்தியோடு பேசுகிற 22இல், முட்டாளைத் தவிர மற்றவை எல்லாம் அந்த விளையாட்டின் நிரந்தரத் துரும்புகள். டெத் பதின்மூன்றாம் துரும்பு, அவ்வளவுதான். 1781இல் குர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் இதெல்லாம் எகிப்திய ஞானம் என்று எழுதிய பிறகுதான் குறி சொல்லும் வழக்கம் பெருகியது. அவர் சொன்ன எகிப்துக் கதைக்கு ஆதாரம் இல்லை.

கேள்வியைத் திருத்துவது

"கனடா விசா கிடைக்குமா?" என்று கேட்டுக் கார்ட் எடுத்தால், டவர் விழுந்த நிமிடமே பதில் "இல்லை" என்று ஆகிவிடும். அதற்கு மேல் எந்த நல்லதையும் அங்கே நுழைக்க ஏலாது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுக்காதீர்கள். "விசா முடிவு வரும்வரை என் கையில் இருக்கிற வேலை என்ன?" என்று மாற்றுங்கள். "இந்தச் சம்பந்தம் சரிவருமா?" என்பதை "இந்தப் பேச்சில் நான் இன்னும் கேட்காமல் விட்டது என்ன?" என்று மாற்றுங்கள். அப்போது டவர் விழுந்தாலும் பேச இடம் இருக்கும்.

மூன்று கார்ட்டையும் வைக்கிற மூன்று இடங்களுக்கும் கொடுக்கிற பெயரும் முக்கியம். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று எல்லோரும் வைப்பதுதான் பிழைக்கு வழி. எதிர்காலம் என்று பெயர் வைத்த இடத்தில் எலும்புக்கூடு வந்து இருந்தால் பிறகு எந்த விளக்கமும் காதில் ஏறாது. முதலாவதை "விட்டு வந்தது" என்றும், நடுவை "இப்போது நிற்கிறது" என்றும், மூன்றாவதை "அடுத்துக் கையில் எடுக்க வேண்டியது" என்றும் வையுங்கள். மூன்றாவது இடத்தில் என்ன விழுந்தாலும் அது ஒரு வேலையாக மாறும். கார்ட்டைத் திருப்ப முதலே பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருப்பிய பிறகு பெயரை மாற்றினால் அது தில்லுமுல்லு, எதிரே இருப்பவருக்கும் அது விளங்கும்.

கார்ட் திரும்பிய பிறகு

கார்ட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். கீழே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் பெயரைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "இதில என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ" என்று கேளுங்கள். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகை டாரட் கட்டுகள் பலவற்றில் பதின்மூன்றாம் கார்ட்டுக்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். அந்த வழக்கத்தில் ஒரு புத்தி இருக்கிறது.

ஒரு நிமிடம் அவரையே பேச விடுங்கள். நின்றுபோனால் நான்கைக் கேளுங்கள்: வானம் எப்படி இருக்கிறது, யாருக்கு அடி படவில்லை, கைகள் என்ன செய்கின்றன, பின்னால் தூரத்தில் என்ன இருக்கிறது. நல்லது அநேகமாகக் கடைசி இரண்டில் அகப்படும். அவரே கண்டுபிடித்தால் நீங்கள் நம்பவைக்கத் தேவையில்லை.

பிறகுதான் நீங்கள் பேச வேண்டும், அதிலும் இழப்பை முதலில் சொல்ல வேண்டும். "இங்க ஒண்டு முடியுது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் படத்தில் கண்ட நல்லதைச் சொல்லுங்கள். நல்லதை முதலில் சொல்லிப் பிறகு "ஆனால்" போட்டால் அந்த "ஆனால்"தான் வீடு வரைக்கும் கூடப் போகும்.

அடுத்த எண்ணில் உள்ள கார்ட்டைக் கட்டிலிருந்து தேடி எடுத்துப் பக்கத்தில் வைப்பதும் உதவும். 13ஆம் எண் டெத்துக்குப் பின்னால் 14 டெம்பரன்ஸ்: ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் தரையில் வைத்த தேவதை, ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதற்கு நிதானமாக ஊற்றுகிறது. 16 டவருக்குப் பின்னால் 17 ஸ்டார். 15 டெவிலுக்கு மட்டும் முன்னே போகாமல் பின்னே போங்கள். ஒன்றையும் ஐந்தையும் கூட்டினால் ஆறு, ஆறாம் கார்ட் லவர்ஸ். இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால் அதே ஆணும் பெண்ணும், அதே நிற்கும் முறை. மேலே தேவதை இருந்த இடத்தில் இப்போது கொம்பு வைத்தவன். இது புதிதாக எடுத்த கார்ட் அல்ல, விளக்கத்துக்காகத் தேடி வைத்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் ஒரு வேலை. நாள் குறித்த, சின்ன வேலை. "மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கோ" என்பது வேலை அல்ல. "வெள்ளிக்கிழமைக்குள்ள வங்கிக்குப் போய் மீதிக் கடன் எவ்வளவு எண்டு எழுதி வாங்குங்கோ" என்பது வேலை.

டெத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தால்

பழைய கட்டுகளில் எலும்புக்கூட்டின் கையில் அரிவாள் இருக்கும். 1909 படத்தில் ஆயுதமே இல்லை. கறுப்புக் கவசம் போட்டு, வெள்ளைக் குதிரையில் ஏறி, ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நடையாக வருகிறது, பாய்ந்து வரவில்லை. கறுப்புக் கொடியில் ஐந்து இதழ் விரித்த வெள்ளை ரோஜா. குதிரையின் காலடியில் ராசா, கிரீடம் தனியாக விழுந்து கிடக்கிறது. மஞ்சள் அங்கி போட்ட ஆயர் கை கூப்பி நிற்கிறார். ஒரு பெண் முழந்தாளிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் சின்னப் பிள்ளை ஒன்று, பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் ஆறு ஓடுகிறது, அதில் பாய் கட்டிய ஒரு வள்ளம். அதற்கும் அப்பால் அந்த இரண்டு கோபுரங்களும் சூரியனும்.

நான்கு ஆட்களும் ஒரே முடிவை நான்கு விதமாகச் சந்திக்கிறார்கள். எதிர்த்து நின்றவன் விழுந்தான், ஒருவர் பேசிப் பார்க்கிறார், ஒருத்தி பார்க்க மறுக்கிறாள், பிள்ளை பார்க்கிறது. வாசிக்கும்போது கேட்க வேண்டிய மிகப் பயனுள்ள கேள்வி இதுதான்: "இதில நீங்கள் ஆர்?" ஆட்கள் தயங்காமல் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். தொட்ட ஆளை வைத்தே நல்லதைச் சொல்லலாம். ராசாவைத் தொட்டவருக்கு, விழுந்தது தலை அல்ல, கிரீடம் தனியாகக் கிடக்கிறது என்பதைக் காட்டுங்கள். போனது பதவியோ பெயரோ என்று பேச்சு அங்கே திரும்பும். முகத்தைத் திருப்பிய பெண்ணைத் தொட்டவருக்குப் பிள்ளை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று காட்டுங்கள். பார்க்கிற தைரியம் அடுத்த ஆளுக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கிறது.

ஒரு உதாரண விரிப்பு. கேள்வி, புறக்கோட்டை கெய்சர் வீதியில் அப்பா தொடங்கிய புடவைக் கடை பற்றியது. "இந்தக் கடையில நான் கட்டி இழுக்கிறது என்ன, விடவேண்டியது என்ன?" என்று கேட்டு எடுத்தது. விட்டு வந்த இடத்தில் கிண்ணம் ஆறு, நடுவில் டெத், கையில் எடுக்க வேண்டிய இடத்தில் நாணயம் எட்டு.

கிண்ணம் ஆறில் பழைய வீட்டு முற்றம், பூ நிரப்பிய கிண்ணத்தை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த கடை அதுதான். நடுவில் டெத்: அந்த விதமாகக் கடை நடத்தும் காலம் முடிகிறது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நாணயம் எட்டில் ஒரு தொழிலாளி வாங்கில் இருந்து நாணயங்களை ஒவ்வொன்றாகச் செதுக்குகிறான், முடித்தவற்றை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறான். மூன்றையும் சேர்த்தால் வரும் வாசகம் இப்படி: "அப்பா நடத்தின முறை முடியுது, அது கவலைதான். கடை நடத்தத் தெரிஞ்ச கை முடியேல்லை. அந்தக் கையால திரும்பப் பழகவேண்டிய ஒரு வேலை இருக்கு." நாள் குறித்த வேலையாக, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் சரக்கைத் தனியாக எண்ணி எழுதச் சொல்லலாம். கடையை மூடு என்றோ மூடாதே என்றோ இங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கார்ட் அதைச் சொல்லவில்லை, நாமும் சொல்லக்கூடாது.

இதே டெத் மூன்றாவது இடத்தில் விழுந்திருந்தால் வாசிப்பு வேறு. முடிவை அவரே செய்ய வேண்டும், யாரும் வந்து முடித்து வைக்கமாட்டார்கள். வேலையும் அதற்கேற்ப ஒன்றை நிறுத்துவதாக இருக்க வேண்டும்: ஒரு சந்தா, ஒரு மாதாந்தக் கட்டணம், பதில் அனுப்பாமல் இழுக்கிற ஒரு மெசேஜ்.

டவர்

டவரை நல்லதாக்குகிறேன் என்று தொடங்குபவர்கள் செய்கிற மோசமான காரியம், வேலை போன ஆளிடம் "உடைஞ்சது நல்லதுக்குத்தான்" என்பது. 2022இல் எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் தொழிலை இழந்தவரிடம் அதைச் சொன்னால் கார்ட்டைத் தூக்கி முகத்தில் எறிவார், எறியவும் வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, இடி விழுந்துவிட்டதா இனித்தானா என்பது. நேரடியாகக் கேளுங்கள்: "கிட்டடியில ஏதும் திடீரெண்டு உடைஞ்சதோ?" ஆம் என்றால் கார்ட் நடந்ததைத்தான் காட்டுகிறது. மின்னல் ஒரு கணம், அது முடிந்துவிட்டது. ஸ்டாரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எது தப்பியது என்று கேளுங்கள். படத்தில் தப்பியதைக் காட்டலாம்: உச்சியிலிருந்த கிரீடம்தான் கழன்று விழுகிறது, அடியில் இருக்கும் பாறை அசையவில்லை. தப்பியவற்றை ஐந்தாவது எழுதச் சொல்லுங்கள். ஆட்களின் பெயரும் கைத்தொழிலும் வந்தால் சரி.

இல்லை, இன்னும் ஒன்றும் உடையவில்லை என்றால், டவரைப் பரிசோதனைக் கார்ட்டாக எடுங்கள். அந்தக் கட்டடத்தை நன்றாகப் பாருங்கள். யன்னல் மூன்று இருக்கிறது, கதவு வரையப்படவே இல்லை. வெளியே வர வழி வைக்காமல் கட்டியது எது என்று கேளுங்கள். கொழும்பில் இதற்குப் பதில் பெரும்பாலும் காசு விஷயமாக வரும்: எழுத்தில் இல்லாத வாடகை ஒப்பந்தம், தெரிந்தவர் பிடிக்கிற சீட்டில் கட்டுகிற பணம், அண்ணருக்காகப் பிணை நின்ற கடன். ஒரு கதவு வைப்பதுதான் அந்தக் கிழமை வேலை. ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவது, பிணைப் பத்திரத்தின் பிரதி எடுப்பது. டவரின் நல்ல அர்த்தம் இதைவிடப் பெரிதாக இருக்கத் தேவையில்லை.

டெவில்

இந்தக் கார்ட்டில் கொழும்பில் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையில் சிலுவை போட்ட வீட்டிலும் சரி, திருநீறு பூசும் வீட்டிலும் சரி, கொம்பும் வௌவால் சிறகும் தெரிந்ததும் பேச்சு செய்வினை, சூனியம் என்று திரும்பும். அங்கேயே நிறுத்துங்கள். டெவில் விழுந்தது யாரும் உங்களுக்குச் செய்வினை செய்ததற்குச் சாட்சி அல்ல. "கழிப்புக் கழிக்க வேணும், இவ்வளவு செலவாகும்" என்று எந்த வாசிப்பாளராவது இந்தக் கார்ட்டைக் காட்டிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயந்த கார்ட்டை வைத்துக் காசு பார்க்கும் வழிகளில் இதுதான் மிகப் பழையது. படம் வீட்டாருக்கு ஒத்துவராவிட்டால் டெவிலைக் கட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டு 77ஓடு வாசிப்பதிலும் பிழை இல்லை.

ஒத்துவந்தால், சங்கிலியைக் காட்டுங்கள். ஆண், பெண் இருவரின் கழுத்திலும் வளையம் பெரிதாக, தலைக்கு மேலால் கழற்றக்கூடிய அகலத்தில் கிடக்கிறது. கைகள் கட்டப்படவில்லை. இருவர் முகத்திலும் வலி இல்லை. நல்ல செய்தி முழுக்க அந்தத் தளர்விலே இருக்கிறது. ஆனால் "அப்ப கழட்டுங்கோவன்" என்று சொல்லாதீர்கள், கழற்றத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை. அதில் நிற்பதால் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். இரவு மூன்று மணி வரை போன் பார்ப்பவருக்குத் தனிமை கொஞ்சம் மறக்கிறது. முந்திய காதலனின் ஸ்டேட்டஸைத் தினமும் பார்ப்பவளுக்குக் கதை இன்னும் முடியவில்லை என்ற எண்ணம் கிடைக்கிறது. கிடைப்பதை இன்னொரு வழியில் பெற ஒரு வழி தேடினால் சங்கிலி தானாகத் தளரும். வேலை: மூன்று இரவுக்கு மட்டும் போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டு வைப்பது. மூன்று இரவு போதும், ஒரு மாதம் என்றால் நாலாம் நாள் விட்டுவிடுவார்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஹேங்ட் மேன் பெயரைக் கேட்டுத்தான் பயம். அவன் கழுத்தில் அல்ல, ஒற்றைக் காலில் தொங்குகிறான். மரத்தில் இலை துளிர்த்திருக்கிறது, தலையைச் சுற்றி ஒளி இருக்கிறது, முகம் அமைதி. காத்திருக்கச் சொல்லும் கார்ட். விசாவுக்கும் பரீட்சை முடிவுக்கும் காத்திருப்பவர்களுக்கு இது பொருந்துகிற அளவுக்கு வேறொன்றும் பொருந்தாது.

வாள் பத்தில் முதுகில் பத்து வாள், ஆனால் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறது, அடிவானம் மஞ்சளாகிறது. வாளில் பதினொன்று என்று ஓர் எண் கிடையாது. இதற்கு மேல் மோசமாக எதுவும் மிச்சமில்லை என்று சொல்லலாம், சில பேருக்கு அது உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

வாள் ஒன்பதில் பெண் கட்டிலில் எழுந்திருந்து முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். ஒன்பது வாளும் பின்னால் இருட்டில் தொங்குகின்றன, ஒன்றும் அவள் உடம்பில் குத்தவில்லை. போர்வையில் ரோஜாக்களும் ராசிக் குறிகளும் கட்டம் கட்டமாக. நடுச்சாமத்து யோசனைக்கான கார்ட் இது. ஒன்பது யோசனைகளையும் கடதாசியில் எழுதச் சொல்லி, நாளைக்குப் பகலில் ஏதாவது செய்யக்கூடியவற்றுக்கு மட்டும் புள்ளடி போடச் சொல்லுங்கள். நாணயம் ஐந்தில் பனியில் நடக்கிற இருவரும் பக்கத்து யன்னல் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை, உதவி கேட்கக்கூடிய ஒருவரின் பெயரைச் சொல்லி, அன்றே ஒரு கோல் எடுப்பது.

வாள் மூன்றில் மட்டும் நல்லதைத் தேடி அலையாதீர்கள். ஓர் இதயம், மூன்று வாள், மழை. ஆளும் இல்லை, வழியும் இல்லை, தூரத்து வெளிச்சமும் இல்லை. ஏறத்தாழ 1491ஐச் சேர்ந்த சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டிலும் இதே போன்ற படம்தான். நோகிறது என்பதை ஒத்துக்கொள்கிற கார்ட். "ஓம், நோகும்தானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது சரியான வாசிப்பு.

தலைகீழ், திரும்ப எடுப்பது

தலைகீழாக விழுந்தால் கெட்டது நல்லதாகிவிடும் என்று ஒரு சுருக்குவழி சுற்றுகிறது. டெத் தலைகீழானால் முடிவு வராது என்று சந்தோஷப்படுவார்கள். முடியவேண்டியது முடியாமல் இழுபடுகிறது என்றுதான் அதைப் பெரும்பாலும் வாசிப்பார்கள், அது நேராக விழுவதைவிடச் சிரமம். முதல் ஆறு மாதம் எல்லாக் கார்ட்டையும் நேராகவே வைத்து வாசியுங்கள்.

பயந்த கார்ட்டை விளக்க இன்னொரு கார்ட் எடுக்கலாம், ஒன்று மட்டும். ஸ்டாரோ சன்னோ விழும்வரை எடுத்துக்கொண்டே போனால் ஏழெட்டுக் கார்ட் சேர்ந்துவிடும், அதற்குள் இரண்டாவது பயந்த கார்ட் வருவதற்கும் இடமுண்டு. பிறகு எதற்கு எது விளக்கம் என்று யாருக்கும் தெரியாது.

கார்ட்டை எடுக்கவே கூடாத இடங்கள்

செத்த வீட்டில், அந்தியேட்டி முடிகிற 31ஆம் நாள் வரைக்கும் யாருக்கும் வாசிக்காதீர்கள். டெத் கார்ட் மாற்றத்தைக் காட்டுகிறது என்று அங்கே சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. நோயின் முடிவு, கர்ப்பம், வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றுக்குக் கார்ட் பதில் அல்ல, டொக்டரிடமும் சட்டத்தரணியிடமும் அனுப்புங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தவர், "இருக்கிறாரோ இல்லையோ" என்று கேட்டு வருவதுண்டு. அந்தக் கேள்விக்குக் கட்டைத் தொடவே கூடாது. டெத் விழுந்தாலும் சன் விழுந்தாலும் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். உட்கார வைத்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று யாராவது சாடையாகச் சொன்னாலும் வாசிப்பு அதோடு முடிந்தது. நல்ல அர்த்தம் தேடி நேரம் போக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அவரோடு இருந்தே எடுத்துக் கொடுங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவர் வரும்வரை தனியே விடாதீர்கள்.

தனக்குத் தானே பழகுவது

எட்டில் தனக்கு மிகப் பயமான ஒன்றைத் தெரிந்தே எடுத்து, ஏழு நாள் மேசையில் நிமிர்த்தி வையுங்கள். சாமி அறையில் வேண்டாம், வீட்டில் சண்டை வரும். தினமும் இரண்டு நிமிடம் பார்த்து, நேற்றுக் காணாத ஒரு சின்ன விபரத்தை மட்டும் எழுதுங்கள். அர்த்தம் எழுத வேண்டாம். மூன்றாம் நாள் எழுத ஒன்றும் இல்லை போலத் தெரியும், அப்போது பூதக்கண்ணாடி எடுங்கள் அல்லது போனில் படம் பிடித்துப் பெருப்பித்துப் பாருங்கள். டெத் குதிரையின் கடிவாளத்தில் இருக்கும் சின்ன மண்டையோடுகள் அப்படித்தான் கண்ணில் படும். ஏழாம் நாள் அந்த ஏழு விபரங்களிலிருந்து இரண்டே வசனம் எழுதுங்கள், முதலாவது இழப்பு, இரண்டாவது நல்லது. அதைக் கொப்பியில் கார்ட்டின் பெயருக்குக் கீழே திகதியோடு வைத்து, எட்டுக் கார்ட்டையும் இப்படி முடிக்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவருக்கு வாசிக்கும் நாளில் அந்தக் கொப்பியை மடியில் வைத்துப் பார்த்துச் சொன்னாலும் ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.